60 பேருக்கு ஷீட் கேக்: ரெசிபிக்கு முன்னால் ட்ரே

கேள்வி இதுதான்: வீட்டில் 8 அங்குல வட்ட கேக் நன்றாக வருகிறது. இப்போது 60 பேர் கூடும் ஒரு விழாவுக்கு, அகலமான ட்ரேயில் ஒரே அடுக்காகச் சுட்டு மேலே கிரீம் பூசிய எளிய ஷீட் கேக் செய்ய வேண்டும். இருக்கிற ரெசிபியை நாலால் பெருக்கினால் போதுமா? முந்தின நாளே செய்து வைக்கலாமா? பெரிய கேக்கின் நடுப்பகுதி வேகாமல் போகாதா? வருகிறவர்களில் முட்டை சாப்பிடாதவர்களும் உண்டு.

முதலில் ஒரு நல்ல சேதி. கூட்டத்துக்குச் செய்வதில் ஷீட் கேக்கைவிட எளிதானது கிடையாது. அடுக்க வேண்டாம், சுற்றிலும் பூச வேண்டாம், ட்ரேயை விட்டு வெளியே எடுக்கக்கூட வேண்டாம். கைத்திறன் குறைவாகவும் கணக்கு கொஞ்சம் அதிகமாகவும் கேட்கிற வேலை. அதனால் ரெசிபி தேடுவதை நிறுத்திவிட்டு அளவு டேப்பை எடுத்துக்கொண்டு ஓவனிடம் போங்கள்.

இதைச் சொல்ல எனக்குக் காரணம் இருக்கிறது. என் முதல் பெரிய கேக்குக்கு 13x18 அங்குல ட்ரே ஒன்றை ஆசையாக வாங்கி வந்தேன். கலவையெல்லாம் அடித்து ஊற்றிவிட்டு ஓவனைத் திறந்தால் ட்ரே உள்ளே போகவில்லை. சாய்த்துப் பார்த்தேன், திருப்பிப் பார்த்தேன், கதவுதான் மூடவில்லை. வேறு வழியில்லாமல் அத்தனை கலவையையும் வீட்டிலிருந்த ஆழமான பாத்திரத்தில் கொட்டி உள்ளே தள்ளினேன். 1 மணி 20 நிமிடம் கழித்து வெளியே வந்தபோது ஓரம் பிஸ்கட், நடுவில் கூழ். கத்தியை நடுவில் இறக்கினால் பிடி வரைக்கும் மாவு ஒட்டிக்கொண்டு வந்தது.

அந்த ஒரே கேக்கில் இரண்டு பாடமும் கிடைத்தன. ட்ரேக்கும் ஓவன் சுவருக்கும் நாலு பக்கமும் 2 முதல் 3 செ.மீ. இடைவெளி வேண்டும், இல்லையென்றால் சூடான காற்று சுற்றி வராது. அதைவிட முக்கியமானது, கேக் வேகும் நேரத்தைத் தீர்மானிப்பது அதன் பரப்பளவு அல்ல, உயரம். எத்தனை அகலமான ட்ரேயாக இருந்தாலும் கலவை 2 செ.மீ. உயரத்துக்கு மேல் போகாவிட்டால் நடுப்பகுதி வெந்துவிடும். ஆழம் கூடக் கூடச் சூடு நடுவுக்குப் போய்ச் சேர நேரமாகும். அதற்குள் ஓரம் காய்ந்துவிடும்.

ஆகவே நாலால் பெருக்குவதா ஐந்தால் பெருக்குவதா என்பதை ட்ரேயின் பரப்பளவுதான் சொல்ல வேண்டும். 8 அங்குல வட்டத்தின் பரப்பு ஏறக்குறைய 50 சதுர அங்குலம். பரவலாகக் கிடைக்கிற 9x13 அங்குல ட்ரேக்கு 117. அதாவது உங்கள் வட்ட கேக்கின் ஒரு பங்குக் கலவைபோல 2.3 மடங்கு இதற்குத் தேவை. 13x18 ட்ரே 234 சதுர அங்குலம், சரியாக இரண்டு 9x13. கையில் இருக்கிற ரெசிபி 9 அங்குல வட்டம் இரண்டுக்கு என்று எழுதியிருந்தால் எந்தக் கணக்கும் வேண்டாம், அதை அப்படியே ஒரு 9x13 ட்ரேயில் ஊற்றலாம். சென்டிமீட்டரில் யோசிப்பவர்களுக்கு இன்னொரு வழி: ட்ரேயின் நீள அகலத்தைப் பெருக்கி, வருகிற எண்ணை 1.5-ஆல் பெருக்குங்கள். அத்தனை கிராம் கலவை இருந்தால் வெந்தபின் 3 முதல் 4 செ.மீ. உயரமுள்ள கேக் கிடைக்கும். 23x33 செ.மீ. ட்ரேக்கு இது சுமார் 1,150 கிராம்.

இனி உங்கள் 60 பேர். 9x13 ட்ரேயை நீளவாக்கில் 6, அகலவாக்கில் 4 என்று வெட்டினால் 24 துண்டு, ஒவ்வொன்றும் ஐந்தரை செ.மீ. சதுரம். சாப்பாடும் இருக்கிற விழாவில் இதைவிடப் பெரிய துண்டு வீணாகத்தான் போகும். மூன்று ட்ரே செய்தால் 72 துண்டு. 12 அதிகம்தானே என்று தோன்றும். குழந்தைகள் இரண்டாவது துண்டுக்கு வருவார்கள், ஒன்றிரண்டு உடையும், சொல்லாமல் வருகிறவர்கள் நாலு பேர் இருப்பார்கள். சரியாகப் போய்விடும். இரண்டு ட்ரேயைத் தலா 30 துண்டாக வெட்டினாலும் 60 வரும், ஆனால் கையிருப்பு என்று ஒன்றும் இருக்காது. நான் செய்ய மாட்டேன்.

13x18 ட்ரே நுழைகிற பெரிய ஓவன் இருப்பவர்களுக்குக்கூட நான் மூன்று சிறிய ட்ரேக்களைத்தான் சொல்வேன். ஒன்று சொதப்பினால் மற்ற இரண்டு இருக்கும். தூக்குவது எளிது. ஃப்ரிட்ஜில் நுழையும். எல்லாவற்றையும்விட, மூன்றில் ஒன்றை முட்டையில்லாமல் செய்துவிடலாம். முட்டை சாப்பிடாதவர்களுக்காக அறுபது பேருக்கும் சுமாரான ஒரு கேக்கைக் கொடுப்பதைவிட, வெனிலா கேக் இரண்டு ட்ரே, முட்டையில்லாத சாக்லேட் கேக் ஒரு ட்ரே என்று வைத்தால் இரண்டுமே அததன் குணத்தோடு நன்றாக இருக்கும். சாக்லேட் ட்ரேதான் முதலில் காலியாகும் என்பது வேறு விஷயம். அதனால் முட்டை சாப்பிடாதவர்களின் பங்கை முதலிலேயே எடுத்து ஒதுக்கிவிடுங்கள்.

வெனிலா கேக், ஒரு 9x13 ட்ரேக்கு: மைதா 300 கிராம், பொடித்த சர்க்கரை 300 கிராம், பேக்கிங் பவுடர் இரண்டரை டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன், உப்பில்லாத வெண்ணெய் 150 கிராம், வாசனையில்லாத எண்ணெய் 30 மி.லி., பெரிய முட்டை 3, பால் 240 மி.லி., வெனிலா எசன்ஸ் 2 டீஸ்பூன். மைதாவில் 30 கிராமை எடுத்துவிட்டு அதே எடைக்குச் சோளமாவு (கார்ன்ஃப்ளார்) சேர்த்தால் இன்னும் மிருதுவாக வரும். கப் அளவை நம்பாதீர்கள், தராசில் போடுங்கள். ஒரு கப் மைதா அள்ளுகிற கையைப் பொறுத்து 120 கிராமும் இருக்கும், 150 கிராமும் இருக்கும். ஒரு கேக்கில் அந்த வித்தியாசம் தெரியாமல் போகலாம். மூன்று மடங்காகும்போது தெரியும்.

எண்ணெய் எதற்கு என்று கேட்பீர்கள். சுவைக்கு வெண்ணெய், மிருதுவுக்கு எண்ணெய். வெண்ணெய் குளிர்ந்தால் இறுகும், கேக்கும் கூடவே இறுகும். எண்ணெய் இறுகாது. முந்தின நாளே செய்து வைக்கிற கேக்கில் அந்த 30 மி.லி. பெரிய உபகாரம்.

செய்முறையை மட்டும் கொஞ்சம் மாற்றச் சொல்கிறேன். வழக்கமாக வெண்ணெயையும் சர்க்கரையையும் நுரைக்க அடித்து, முட்டை சேர்த்து, கடைசியில் மைதா போடுவோம். இங்கே தலைகீழாக. மைதா, சர்க்கரை, பேக்கிங் பவுடர், உப்பு நாலையும் பாத்திரத்தில் போட்டு பீட்டரால் அரை நிமிடம் கலந்துகொள்ளுங்கள். மெத்தென்று இருக்கிற வெண்ணெயைத் துண்டு துண்டாக அதில் போட்டு, எண்ணெயையும் மூன்றில் ஒரு பங்குப் பாலையும் ஊற்றுங்கள். முதலில் குறைந்த வேகத்தில், மாவு பறக்காமல். எல்லாம் நனைந்ததும் நடுத்தர வேகத்தில் ஒன்றரை நிமிடம் அடித்தால் கெட்டியான வெளிர்நிறப் பசை போல ஆகும். முட்டை, மீதிப் பால், எசன்ஸ் மூன்றையும் தனியே ஒரு கிண்ணத்தில் அடித்து வைத்துக்கொண்டு, மூன்று தவணையாக ஊற்றி, ஒவ்வொரு தவணைக்கும் 20 வினாடி அடியுங்கள். நடுவில் ஒருமுறை பாத்திரத்தின் அடியை வழித்துவிட மறக்க வேண்டாம், அங்கேதான் வெள்ளை மாவு ஒளிந்திருக்கும்.

இந்த முறையில் மைதாத் துகள்களின் மேல் கொழுப்பு முதலில் படிந்துவிடுகிறது. பிறகு பால் வந்தாலும், கேக்கை ரப்பர் மாதிரி ஆக்கும் குளூட்டன் என்ற புரத இழை அதிகம் உருவாகாது. வழக்கமான முறையில் காற்று நிறையப் பிடித்துக் கேக் உயரமாக எழும்பும்; இதில் அவ்வளவு எழும்பாது, ஆனால் சமமாக எழும்பும், நெருக்கமான மிருதுவான பதத்தில் இருக்கும், வெட்டும்போது உதிராது. மேலே தட்டையாகப் பூசி 24 சதுரமாக வெட்டப்போகிற கேக்குக்கு இதுதானே வேண்டும்.

வெண்ணெய், பால், முட்டை மூன்றும் அறை வெப்பத்தில் இருக்க வேண்டும் என்று எல்லா ரெசிபியிலும் எழுதியிருக்கும், யாரும் கண்டுகொள்ள மாட்டோம். பெரிய அளவில் செய்யும்போது கண்டுகொள்ளுங்கள். ஃப்ரிட்ஜிலிருந்து நேராக வந்த பால் வெண்ணெயை மீண்டும் இறுக வைத்துவிடும், கலவை திரிந்தது போலாகும். முட்டையை வெளியே எடுத்துவைக்க மறந்துவிட்டால் வெதுவெதுப்பான தண்ணீரில் 10 நிமிடம் போட்டு வையுங்கள், போதும்.

இரண்டு ட்ரேக்கான கலவையை ஒரே பாத்திரத்தில் அடிக்கலாம் என்று ஆசைப்பட வேண்டாம். கையில் பிடிக்கிற பீட்டர் அவ்வளவு கனத்தைத் தாங்காது, அடியில் ஒரு பதம், மேலே ஒரு பதம் என்று ஆகிவிடும். நான் செய்வது இது: முந்தின இரவே உலர்ந்த பொருட்களை ஒவ்வொரு ட்ரேக்கும் தனித்தனி டப்பாவில் எடைபோட்டு, மேலே ட்ரேயின் பெயரை எழுதி மூடிவிடுவேன். மறுநாள் மூன்றாவது கலவை அடிக்கும்போது, பேக்கிங் பவுடர் போட்டேனா இல்லையா என்று முழிக்க வேண்டியதில்லை. முதல் ட்ரே வேகும்போது, இறக்க 10 நிமிடம் இருக்கையில் அடுத்த கலவையைத் தொடங்கினால் நேரம் சரியாக இருக்கும்.

ஒரு பெரிய ட்ரேயில்தான் செய்வேன் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எல்லாவற்றையும் இரட்டிப்பாக்குங்கள், பேக்கிங் பவுடரை மட்டும் 5 டீஸ்பூனுக்குப் பதில் நாலரையாகப் போடுங்கள். அகலமான ட்ரேயில் நடுப்பகுதிக்கு ஓரச் சுவரின் பிடிமானம் கிடையாது. அளவுக்கு மீறி எழும்பினால் அங்கேதான் உட்கார்ந்துவிடும்.

ட்ரேக்கு வருவோம். வெளிர்நிற அலுமினியம்தான் நல்லது, சுவர் 5 செ.மீ. உயரம் இருக்கட்டும். கறுப்பு நான்ஸ்டிக்கும் கண்ணாடியும் சூட்டை அதிகம் வாங்கி ஓரத்தைக் கருக்கும். அவைதான் இருக்கின்றன என்றால் வெப்பத்தை 10 முதல் 15 டிகிரி குறையுங்கள். ட்ரேயிலேயே பரிமாறுவதாக இருந்தால் வெண்ணெய் தடவி மைதா தூவினாலே போதும். வெளியே எடுத்துப் பலகையில் வைக்க நினைத்தால் பார்ச்மென்ட் பேப்பரை (ஓவன் சூட்டைத் தாங்கும் ஒட்டாத தாள்) இரண்டு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி விரியுங்கள். ஆறியதும் தொட்டிலைத் தூக்குவதுபோல் தூக்கிவிடலாம். மெழுகுத்தாளை அதற்குப் பதிலாகப் போட்டுவிடாதீர்கள், மெழுகு உருகிக் கேக்கோடு ஒட்டிக்கொள்ளும்.

அடுத்து, நடுவில் குன்று எழும்பும் பிரச்சினை. ஓவனுக்குள் முதலில் சூடாவது ட்ரேயின் உலோகச் சுவர். அதை ஒட்டிய கலவை சீக்கிரம் வெந்து இறுகி நின்றுவிடும். நடுப்பகுதிக்குச் சூடு பின்னால்தான் வரும், அது மட்டும் எழும்பிக்கொண்டே போகும். குன்றாகி மேலே வெடிக்கும். ஓரம் இறுகுவதைத் தாமதப்படுத்திவிட்டால் எல்லாம் ஒன்றாக எழும்பும். அதற்கு இரண்டு வழி. வழக்கமான 180 டிகிரிக்குப் பதில் 165 டிகிரி செல்சியஸில் வேகவிடுவது ஒன்று. பழைய பருத்தித் துண்டைப் பட்டையாகக் கிழித்து, நனைத்துப் பிழிந்து, அலுமினியத் தாளில் சுற்றி, ட்ரேயின் வெளிச்சுவரைச் சுற்றிக் கட்டுவது இன்னொன்று. ஈரம் ஆவியாகிக்கொண்டிருக்கும் வரை சுவர் அதிகம் சூடாகாது. பார்க்க வேடிக்கையாக இருக்கும், ஆனால் பலன் உண்டு. கட்டிய பட்டை ஓவனின் சூட்டுக் கம்பியைத் தொடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஊற்றியபின் கரண்டியால் கலவையை மூலைகளுக்குத் தள்ளி, நடுவில் லேசாகக் குழியாக விடுங்கள். இந்த வெனிலாக் கலவை கெட்டியானது, தானாக மூலைக்குப் போகாது. மேடையில் இரண்டு தட்டு தட்டிப் பெரிய குமிழிகளை விரட்டிவிட்டு உள்ளே வைக்கலாம்.

35 முதல் 40 நிமிடம் ஆகும். முதல் 25 நிமிடம் கதவைத் திறக்காதீர்கள். 30-ஆவது நிமிடத்திலிருந்து பார்க்கத் தொடங்குங்கள். எல்லோரும் பல்குச்சியைக் குத்திப் பார்ப்பார்கள், நானும்தான், ஆனால் அதை மட்டும் நம்புவதில்லை. ஓரம் ட்ரேச் சுவரைவிட்டு ஒரு நூல் விலகத் தொடங்கியிருக்க வேண்டும். நடுவில் விரலால் மெதுவாக அழுத்தினால் பள்ளம் தங்காமல் மேலே வர வேண்டும். குச்சியில் ஈரமான மாவு வரக்கூடாது. ஒன்றிரண்டு துணுக்கு ஒட்டினால் அதுவே சரியான நேரம். குச்சி சுத்தமாக வந்தபிறகும் எதற்கும் இருக்கட்டும் என்று 5 நிமிடம் விடுவதுதான் பல வீட்டுக் கேக்குகளைக் கெடுக்கிறது. உணவு வெப்பமானி இருந்தால் நடுப்பகுதி 95 முதல் 98 டிகிரி காட்டும்போது எடுங்கள். இன்னொன்று, ஓவனின் குமிழ் காட்டுகிற எண்ணும் உள்ளே இருக்கிற சூடும் பல ஓவன்களில் ஒன்றாக இருப்பதில்லை. உள்ளே தொங்கவிடுகிற சின்ன ஓவன் வெப்பமானி ஒன்று வாங்கிவிடுங்கள். கூட்டத்துக்குச் செய்யும் நாளன்றுதான் ஓவனின் குணம் தெரிய வேண்டும் என்பதில்லை.

எல்லாம் செய்தும் நடுவில் லேசாக எழும்பியிருந்தால், வெளியே எடுத்த சூட்டோடு சுத்தமான துணியை மேலே விரித்து உள்ளங்கையால் மெதுவாக அழுத்துங்கள், சமமாகிவிடும். உட்கார்ந்துவிட்டால் அந்தப் பள்ளத்தில் கொஞ்சம் அதிகம் கிரீம் போகும். அந்தத் துண்டு கிடைத்தவர் குறை சொல்ல மாட்டார்.

முட்டையில்லாத சாக்லேட் கேக் இதைவிடவும் எளிது. பாலும் வெண்ணெயும் முட்டையும் எளிதில் கிடைக்காத காலத்தில் அமெரிக்க வீடுகளில் பரவிய ரெசிபி இது, பீட்டர்கூட வேண்டாம். ஒரு 9x13 ட்ரேக்கு மைதா 375 கிராம், சர்க்கரை 400 கிராம், கோகோ பவுடர் 50 கிராம், சமையல் சோடா 2 டீஸ்பூன், உப்பு 1 டீஸ்பூன். இவற்றைச் சலித்துக் கலந்துகொள்ளுங்கள். இன்னொரு பாத்திரத்தில் தண்ணீர் 480 மி.லி., எண்ணெய் 160 மி.லி., வினிகர் 2 டேபிள்ஸ்பூன், வெனிலா 2 டீஸ்பூன். ஓவன் 175 டிகிரிக்குச் சூடாகி, ட்ரேயும் தயாராகி இருக்கும்போது மட்டும் இரண்டையும் சேர்த்து விஸ்க்கால் ஒரு நிமிடம் கலக்கி உடனே ஊற்றி உள்ளே வையுங்கள். வினிகர் சோடாவைத் தொட்ட நொடியிலிருந்து வாயு கிளம்பத் தொடங்கிவிடும். இந்தக் கலவையை மேடையில் காக்க வைத்தால் எழும்ப வேண்டியதெல்லாம் அங்கேயே எழும்பி அடங்கிவிடும். தோசை மாவைவிட நீர்க்க இருக்கிறதே என்று பயந்து மைதா சேர்த்துவிடாதீர்கள், அது அப்படித்தான் இருக்கும். 30 முதல் 35 நிமிடம். வினிகர் வாசனை வெந்தபின் துளியும் இருக்காது.

முந்தின நாளே செய்யலாமா என்றால், செய்யத்தான் வேண்டும். கேக்கைப் பூசும் நாளில் சுட்டால் ஆற நேரம் போதாது. நான் வைத்துக்கொள்ளும் கணக்கு: இரண்டு நாள் முன்பு மாலையில் சுடுவது, முந்தின நாள் பூசுவது, விழா நாளில் வெட்டுவது மட்டும். சுட்ட கேக் ட்ரேயிலேயே கம்பித்தட்டின் மேல் இரண்டு மணி நேரமாவது ஆறட்டும். கையால் அடியைத் தொட்டால் சூடு தெரியவே கூடாது. அப்புறம் கிளிங் ஃபிலிமால் மேலே ஒட்டினாற்போல் மூடி வெளியிலேயே வையுங்கள்.

ஃப்ரிட்ஜில் வைத்தால் புதிதாக இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். பூசாத கேக்குக்கு அது நேர்மாறு. கேக் பழசாவது ஈரம் போவதால் மட்டும் அல்ல, மைதாவிலுள்ள ஸ்டார்ச் திரும்ப இறுகுவதாலும்தான். அந்த இறுக்கம் ஃப்ரிட்ஜின் குளிரில்தான் வேகமாக நடக்கிறது. உறையவைக்கும் குளிரில் அது நின்றுவிடும். அதனால் ஒன்று வெளியே, இல்லையென்றால் ஃப்ரீசர். ஒரு வாரம் முன்பே முடித்துவிட வேண்டுமென்றால் இரண்டு சுற்று கிளிங் ஃபிலிம், அதன்மேல் அலுமினியத் தாள் சுற்றி ஃப்ரீசரில் வைத்து, பூசுவதற்கு முந்தின இரவு உறையைப் பிரிக்காமலேயே வெளியே எடுத்து வையுங்கள். பிரித்துவிட்டு வைத்தால் காற்றின் ஈரம் கேக்கின்மேல் படிந்து தோல் பிசுபிசுக்கும்.

பூச்சு. எல்லோருக்கும் தெரிந்த பட்டர்கிரீம், வெண்ணெய் ஒரு பங்கு, ஐசிங் சர்க்கரை இரண்டு பங்கு. ஒரு ட்ரேக்கு 170 கிராம் வெண்ணெய், 340 கிராம் ஐசிங் சர்க்கரை, 2 அல்லது 3 டேபிள்ஸ்பூன் பால், ஒரு சிட்டிகை உப்பு. வெண்ணெயை மட்டும் வெளுக்கும்வரை 5 நிமிடம் அடித்துவிட்டுத்தான் சர்க்கரையைச் சேர்க்க வேண்டும். சுலபம், பூசினால் நிற்கும். ஆனால் பெரியவர்கள் பாதித் துண்டோடு கீழே வைத்துவிடும் அளவுக்கு இனிப்பு.

கூட்டத்துக்கு நான் செய்வது எர்மின் ஃப்ராஸ்டிங். பழைய ரெட் வெல்வெட் ரெசிபிகளில் இருப்பது. ஒரு ட்ரேக்கு மைதா 40 கிராம், சாதாரணச் சர்க்கரை 200 கிராம், பால் 240 மி.லி., வெண்ணெய் 225 கிராம், உப்பு ஒரு சிட்டிகை, வெனிலா. மைதாவையும் சர்க்கரையையும் அடிகனமான பாத்திரத்தில் கலந்து, பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கட்டியில்லாமல் கரைத்து, நடுத்தரத் தீயில் கிளறுங்கள். சில நிமிடத்தில் சட்டென்று கெட்டியாகும். குமிழி விடத் தொடங்கியபின் ஒரு நிமிடம் விடாமல் கிளறிப் பச்சை வாசனை போனதும் இறக்கலாம். கரண்டி போன தடத்தில் பாத்திரத்தின் அடி ஒரு நொடி தெரிய வேண்டும், அதுதான் பதம். ஒரு தட்டில் பரப்பி, ஆடை படியாமல் கிளிங் ஃபிலிமை மேலேயே ஒட்டவிட்டு முழுக்க ஆறவையுங்கள்.

முழுக்க என்றால் முழுக்க. வெதுவெதுப்பு மிச்சமிருந்தால் வெண்ணெய் உருகி எல்லாம் தண்ணீராக ஓடும். ஆறியபின் வெண்ணெயை வெளுக்க அடித்து, இந்தக் கூழை ஒவ்வொரு கரண்டியாகச் சேர்த்து அடித்துக்கொண்டே போனால், அடித்த கிரீம் போல இலேசாக, அளவான இனிப்போடு வரும். நடுவில் திரிந்ததுபோல் தெரிந்தால் கலங்க வேண்டாம், அடித்துக்கொண்டே இருங்கள். அப்படியும் சேரவில்லையென்றால் பாத்திரத்தைத் தொட்டுப் பாருங்கள். சில்லென்று இருந்தால் வெந்நீரில் நனைத்த துணியை வெளியே ஒற்றி அடியுங்கள். தளதளவென்று வழிந்தால் ஃப்ரிட்ஜில் 10 நிமிடம் வைத்துவிட்டு அடியுங்கள்.

சாக்லேட் ட்ரேக்கு கனாஷ் போதும்: 200 கிராம் டார்க் சாக்லேட், 200 மி.லி. கிரீம். கிரீமைக் கொதி வருமுன் இறக்கிச் சாக்லேட் மேல் ஊற்றி, இரண்டு நிமிடம் தொடாமல் விட்டு, நடுவிலிருந்து கலக்குங்கள். வெயில் நாளாக இருந்தால் கிரீமை 120 மி.லி. ஆகக் குறைத்தால் கெட்டியாக நிற்கும். பாலும் சாப்பிடாத ஒருவர் வருவதாக இருந்தால் அந்த ட்ரேயின் ஒரு வரிசையைப் பூசாமல் விட்டுவிடுங்கள். அடியில் இருக்கும் கேக்கில் பால் பொருள் ஒன்றும் இல்லை. அப்படிச் செய்வதாக இருந்தால் அந்த ட்ரேக்கு வெண்ணெய்க்குப் பதில் எண்ணெய் தடவுங்கள்.

அடித்த கிரீமைப் பற்றி என் கருத்து: கூட்டத்துக்கு வேண்டாம். பரிமாறும் இடம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது. கேக் மேசையில் உட்கார்ந்திருக்கும், பேச்சு நீளும், படம் எடுப்பார்கள். அதற்குள் கிரீம் வழியத் தொடங்கிவிடும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருக்கவும் கூடாது. வெண்ணெய்ப் பூச்சுக்கும் எல்லை உண்டு, 30 டிகிரியைத் தாண்டினால் தளர்ந்துவிடும். அந்த மாதிரி இடமென்றால் மூன்று ட்ரேக்கும் கெட்டிக் கனாஷே நல்லது. கேக்கையும் வெயில் படாத மூலையில் வைத்திருந்து கடைசியில் கொண்டுவாருங்கள்.

பூசும்போது செய்கிற தப்பு, எல்லாவற்றையும் நடுவில் கொட்டி ஓரத்துக்கு இழுப்பது. அப்படி இழுக்கும்போது கேக்கின் தோல் பிய்ந்து துணுக்கெல்லாம் கிரீமில் கலந்துவிடும். ட்ரே முழுக்க அங்கங்கே 12 இடத்தில் கரண்டியால் வைத்து, அவற்றை ஒன்றோடொன்று இணைப்பதுபோல் பரப்புங்கள். ஸ்பேட்டுலா கேக்கைத் தொடக்கூடாது, கிரீமை மட்டுமே தொட வேண்டும். அரை செ.மீ. கனம் போதும். வழுவழுவென்று கண்ணாடி மாதிரி ஆக்க முயன்று நேரத்தைத் தொலைக்க வேண்டாம். கரண்டியின் பின்புறத்தால் வரிசையாகச் சுழித்துவிட்டால் பார்க்கவும் நன்றாக இருக்கும், மேடுபள்ளமும் மறையும். தூவுகிற வண்ண மிட்டாயை விழா நாளில் தூவுங்கள். முந்தின நாளே தூவினால் சாயம் கிரீமில் இறங்கிவிடும்.

பூசிய ட்ரேயை இரவு ஃப்ரிட்ஜில் வைக்கலாம், இங்கே அது அவசியம்தான். மேலே மூடி கட்டாயம் வேண்டும், இல்லையென்றால் ஃப்ரிட்ஜில் இருக்கிற வெங்காயமும் உங்கள் கேக்கில் இருக்கும். மூடியில்லாத ட்ரேயா, நாலு மூலையிலும் நடுவிலும் பல்குச்சி குத்தி அதன்மேல் அலுமினியத் தாளைக் கூடாரம் போல் போடுங்கள். பரிமாற ஒன்றரை மணி நேரம் முன்பு வெளியே எடுத்து வைத்தால் வெண்ணெய் இளகிச் சுவை திரும்பும்.

வெட்டுவதை மட்டும் சில்லென்று இருக்கும்போதே செய்யலாம், கோடு நேராக விழும். ட்ரேயின் நீள ஓரத்தில் ஐந்தரை செ.மீ.க்கு ஒன்றாகவும், அகல ஓரத்தில் ஐந்தே முக்கால் செ.மீ.க்கு ஒன்றாகவும் பல்குச்சியால் அடையாளம் வையுங்கள். நீளமான கத்தியை வெந்நீரில் முக்கித் துடைத்து, அறுக்காமல் நேராக அழுத்தி இறக்கி, ஒவ்வொரு வெட்டுக்கும் பிறகு மறுபடி முக்கித் துடையுங்கள். துண்டுகளை ட்ரேயிலேயே ஒட்டினாற்போல் விட்டுவையுங்கள். பிரித்து அடுக்கினால் வெட்டிய பக்கங்கள் ஒரு மணி நேரத்தில் காயத் தொடங்கும். எதில் முட்டை இருக்கிறது, எதில் இல்லை என்று எழுதி ட்ரேக்கு முன்னால் வையுங்கள், இரண்டுக்கும் தனித்தனிக் கத்தி, தனித்தனிக் கரண்டி.

மூலைத் துண்டை முதலில் எடுங்கள். எத்தனை கவனமாக எடுத்தாலும் முதல் துண்டு உடையும். அதை 60 பேர் கணக்கில் சேர்க்க வேண்டாம். சமையலறையில் நின்றுகொண்டே நீங்கள் சாப்பிட்டுவிடுங்கள், உப்பும் இனிப்பும் சரியாக இருக்கிறதா என்று பார்த்தது போலவும் ஆயிற்று.